தஞ்சை வட்டாரத்தில் ஊர் கூடிச் சைக்கிள் பயணம்: வழியை எப்படி முடிவு செய்வது?

கேள்வி இது: தஞ்சாவூரில் ஒரு இளைஞர் மன்றத்தார், பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு கிராமங்கள் வழியாக ஒரு சைக்கிள் பயணம் போக நினைக்கிறார்கள். 150 பேர் வரலாம். பள்ளிப் பிள்ளைகள், அம்மாக்கள், அறுபதைத் தாண்டியவர்கள் எல்லாரும் உண்டு. பந்தயம் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து கல்லணை போய்த் திரும்புவதாக மேப்பில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வழி சரிவருமா, இல்லையென்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறார்கள்.

சரிவராது. முதலில் கணக்கைப் பாருங்கள். கல்லணை ஒரு பக்கத்துக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். போய் வர 90. கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், கூட்டத்தோடு போகிறவர் மணிக்கு 12 கிலோமீட்டர் போனால் அதுவே நல்ல வேகம். ஏழரை மணி நேரம் மிதிக்க வேண்டும். தண்ணீர், டிபன், பஞ்சர் எல்லாம் சேர்த்தால் காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர் மதியம் மூன்று மணிக்கு வந்து சேருவார், அதுவும் வந்தால். ஆடாக்ஸ் என்று சொல்லும் நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம்தான் கொடுக்கிறார்கள். அதை முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் பயணத்துக்கு வருகிறவர்கள் அவர்கள் இல்லை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிற பெண்ணும், பல வருடம் பரணில் கிடந்த சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வருகிற மாமாவும்தான் உங்கள் கூட்டம்.

இரண்டாவது, கல்லணையிலிருந்து காவிரியை ஒட்டித் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று பூம்புகார் வரைக்கும் போகிற சாலை மாநில நெடுஞ்சாலை 22. மேப்பில் ஆற்றோரம் பச்சையாக அழகாகத் தெரியும். நேரில் போனால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். ஒரு சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ள மைல்கல்லின் தலையைப் பார்த்தால் போதும். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. உங்களுக்கு ஆரஞ்சுக் கல் வேண்டும். பச்சைக் கல்லை முடிந்தவரை குறுக்கே கடக்கத்தான் வேண்டும், அதன் மேலேயே நீளமாகப் போகக் கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான்: இங்கே வழியை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள், வழி அதற்குப் பின்னால் தானாக வரும். டெல்டாவில் ஒரு கிராமச் சாலை ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, தையில் ஒன்று. நெல்லும் தண்ணீரும் காற்றும் திருவிழாவும் சேர்ந்து அதை மாற்றிக்கொண்டே இருக்கும்.

பொங்கல் முடிந்த ஞாயிறு என்கிறீர்கள். அது சம்பா அறுவடை சூடுபிடிக்கிற நேரம். அறுவடை இயந்திரம் வயலுக்கு வயல் மாறுவதற்குச் சாலையில்தான் வரும். அது வந்தால் சைக்கிள்காரர் வாய்க்காலில்தான் ஒதுங்க வேண்டும், அவ்வளவு அகலம். அதன் சக்கரத்திலிருந்து விழும் களிமண் கட்டிகள் வெயிலில் காய்ந்து கல் மாதிரி கிடக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லும் மரக்கிளையும் வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் அந்தச் சாலை அவர்களுடைய களம். ஈரப்பதம் கூடிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கவலையில் இருப்பவர் நெல் மேல் 150 சைக்கிள் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார், இருக்கவும் வேண்டியதில்லை.

அப்படியானால் எப்போது? ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை. ஆற்றங்கரைப் பாதை சேறாகிவிடும். டெல்டாக் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் ஆடி, ஆவணியில் ஆறு நிறையத் தண்ணீர் ஓடும், குறுவைப் பயிர் பச்சையாக இருக்கும். பார்க்க அதைவிட அழகான காலம் கிடையாது. ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சைக்கிள்காரருக்கு வெறும் பழமொழி இல்லை. மேற்கே பார்த்து மிதித்தால் ஒரு பத்து வயதுப் பையன் நின்ற இடத்திலேயே நிற்பான். புரட்டாசிக் கடைசியில் குறுவை அறுவடை. திரும்பவும் சாலையில் நெல். பங்குனி, சித்திரையில் வெயில் போதாதென்று, உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் பிடுங்கி வந்து வண்டி ஏறி உதிரட்டும் என்று சாலையில் பரப்பி வைப்பார்கள். காருக்கு ஒன்றும் ஆகாது. சைக்கிள் செயினிலும் பின்சக்கரப் பல்லிலும் அந்தக் கொடி சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்கக் கத்தி வேண்டும்.

மார்கழியில் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். குளிர்ச்சிதான், கல்யாண முகூர்த்தமும் இல்லை, சாலையில் கூட்டம் குறைவு. ஆனால் விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஐம்பது அடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாத நாட்கள் உண்டு. இன்னொன்று, ஊருக்குள் தெரு முழுக்கக் கோலம் இருக்கும். நாலரை மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, தெருவின் பாதியை அடைத்துக் கோலம் போட்டவர் முன்னால் உங்கள் கூட்டம் அதை அழித்துக்கொண்டு போனால், அடுத்த வருடம் அந்த ஊரில் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

என்னைக் கேட்டால் மாசி முதல் பாதி. பிப்ரவரி மூன்றாவது ஞாயிறை ஒட்டி வரும். சம்பா பெரும்பாலும் வீடு போய்ச் சேர்ந்திருக்கும், குறுவைக்குப் பின்னால் நட்ட தாளடி கொஞ்சம் மீதி இருக்கலாம். அறுத்த வயலில் உளுந்து தரையோடு பச்சை பிடித்திருக்கும். காலைக் காற்று கிழக்கிலிருந்து மெதுவாகத்தான் வரும். ஆறரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், ஒன்பதரை வரை வெயில் பொறுக்கும்படி இருக்கும். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும். படம் எடுக்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பிள்ளைகளை அழைத்துப் போகிற எனக்கு அது நிம்மதி.

இனி வழி. தஞ்சாவூருக்கு வடக்கே, திருவையாற்றைச் சுற்றியே வைத்துக்கொள்ளச் சொல்வேன். அங்கே ஒரு வழி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. சித்திரையில் நடக்கிற ஏழூர்த் திருவிழா உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருவையாற்றுச் சிவன் ஐயாறப்பர் பல்லக்கில் கிளம்பி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஆறு ஊரையும் சுற்றித் திருவையாறு திரும்புவார். வாழைக்கொல்லை, வயல், ஆற்றங்கரை என்று இந்த வட்டாரத்தில் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் தொட்டுவிடுகிற சுற்று. ஊர்களுக்கு நடுவே மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் இருக்காது. நடந்து போகிறவர்களுக்காக உண்டான தூரம், அதனால் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொருந்தும். ஊருக்கு ஊர் ஒரு கோயில், ஒரு குளம், ஒரு டீக்கடை, நிழல் எல்லாம் இருக்கும்.

ஆனால் பல்லக்கு போகிற வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சித்திரையில் ஆறு வறண்டு கிடக்கும்போது பல்லக்கு மணலில் இறங்கி ஏறிவிடும். திருவையாறு, பழனம், தில்லைஸ்தானம் மூன்றும் காவிரிக்கு வடகரை. மற்ற நான்கும் தென்பக்கம். நடுவில் காவிரி, குடமுருட்டி என்று இரண்டு ஆறு. சைக்கிளுக்குப் பாலம் வேண்டும். தஞ்சாவூர் - திருவையாறு சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்துக்கும் பாலம் உண்டு. அதே சாலைதான் அரியலூருக்கும் போகிறது. அரியலூர் சிமெண்டு லாரிகளை அந்தச் சாலையில் பார்த்தவர்கள் பிள்ளைகளை அதில் விடமாட்டார்கள்.

ஆகவே ஒரே பெரிய வட்டமாகப் போடாமல், கண்டியூரை நடுவில் வைத்துப் பூவிதழ் மாதிரி இரண்டு மூன்று சின்னச் சுற்றுகளாகப் போடுங்கள். மேற்கு இதழ் திருப்பூந்துருத்தி போய் வருவது, ஏழெட்டு கிலோமீட்டர். கிழக்கு இதழ் திருவேதிகுடி, திருச்சோற்றுத்துறை சுற்றி வருவது; பத்துப் பன்னிரண்டு. எந்தத் தெருவில் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும் குறையும், நீங்களே அளந்துகொள்ளுங்கள். இன்னும் கால் ஓயாதவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வடக்கு இதழ்: பாலம் கடந்து திருவையாறு, அங்கிருந்து தில்லைஸ்தானம் அல்லது திருப்பழனம். அதில் வயது வந்தவர்களை மட்டும், சின்னக் குழுவாக, முன்னும் பின்னும் ஆள் போட்டு அனுப்புங்கள். திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று சொன்னால் மூன்றாவது இதழுக்குக் கூட்டம் அதிகமாகிவிடும், அதையும் கவனத்தில் வையுங்கள்.

இதழ் இதழாகப் போடுவதில் பெரிய லாபம், சோர்ந்தவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. மேற்கு இதழ் முடிந்து கண்டியூர் வந்ததும் "எனக்கு இது போதும்" என்று ஒருவர் கௌரவமாக உட்கார்ந்துவிடலாம். ஒரே பெரிய வட்டத்தில் பாதியில் முடியாமல் போனால் அவர் தோற்றவர் மாதிரி வேனில் ஏறி வர வேண்டும். முதலுதவி, டிபன், கழிப்பறை, சைக்கிள் ரிப்பேர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தொலைந்துபோனவர் யாரைக் கேட்டாலும் கண்டியூருக்கு வழி சொல்லிவிடுவார்கள். அந்தப் பெரிய சாலையைக் கிழக்கும் மேற்குமாகக் கடக்க ஒரே ஒரு இடம்தான் என்பதால், போலீஸ்காரர் ஒருவரும் உங்கள் ஆட்கள் நாலு பேரும் அங்கே நின்றால் போதும்.

தஞ்சாவூரிலிருந்து கண்டியூர் வரை எப்படி வருவது என்று கேட்பீர்கள். பத்து கிலோமீட்டர் சுமார். பழகியவர்கள் ஆறு மணிக்கு முன்பே கிளம்பி, பின்பக்கம் சிவப்பு விளக்கோடு ஓட்டி வரட்டும். மற்றவர்களின் சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றி, ஆட்களை டவுன் பஸ்ஸில் அனுப்புங்கள். செலவுதான். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் பல பயணங்களில் முதல் பத்து கிலோமீட்டரே மிக ஆபத்தான பத்து கிலோமீட்டராக ஆகிவிடுகிறது.

எந்தத் திசையில் சுற்றுவது? நாம் சாலையில் இடது பக்கம் போகிறவர்கள். இடதுபுறம் திரும்பினால் எதிரே வருகிற வண்டியைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. ஆகவே சுற்று முழுவதும் இடதுபுறத் திருப்பமாக வரும்படி, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், போடுவதுதான் பாதுகாப்பு. கிழக்கு இதழில் முதலில் வேதிகுடி, பிறகு சோற்றுத்துறை, பிறகு கண்டியூர். இதில் ஒரு சங்கடம் உண்டு: பல்லக்கு வலமாகச் சுற்றும், நீங்கள் அதற்கு நேர் எதிராகச் சுற்றுவீர்கள். ஏழூரைச் சுற்றுகிறோம் என்று நோட்டீஸ் அடித்தால், அப்பிரதட்சிணமாகவா போவது என்று யாராவது பெரியவர் கேட்டே தீருவார். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். கிராமச் சாலையில் எதிரே வருகிற வண்டி குறைவு, வலமாகவே போய்க்கொள்ளலாம். திருப்பத்துக்கு ஒரு ஆள் கூடுதலாகப் போட்டால் சரி. பெரிய சாலையைக் கடக்கிற இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூகுள் மேப்ஸ், ஓபன் ஸ்ட்ரீட் மேப் இரண்டையும் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இல்லாத சந்து மற்றதில் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் நேராகத் தெரிகிற கோடு சாலையாகவும் இருக்கலாம், வாய்க்கால் கரையாகவும் இருக்கலாம். நிழலைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் பல நேரம் பிடிபடாது. சைக்கிள்காரர்கள் எங்கே அதிகம் போகிறார்கள் என்று காட்டும் ஸ்ட்ராவா ஹீட்மேப்பை நம்பி ஏமாறாதீர்கள். கைபேசியில் பதிவு போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் வேகத்துக்காக நெடுஞ்சாலையில் போகிறவர்கள். பால் கேனைக் கட்டிக்கொண்டு தினமும் அந்த வாய்க்கால் கரையில் போகிறவர் எந்த ஹீட்மேப்பிலும் வர மாட்டார். உங்களுக்கு வழி சொல்ல வேண்டியவர் அவர்தான். பேப்பர் போடுகிற பையன், மினி பஸ் கண்டக்டர், ஆற்றில் மதகு திறக்கிற லஸ்கர், இவர்களிடம் கால் மணி நேரம் பேசினால் எந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறது, எந்தத் தெருவில் நாய்த் தொல்லை, எங்கே குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டி மூடாமல் விட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் வந்துவிடும். திருவையாற்றுக்குப் புறவழிச்சாலை வேலை தொடங்கிய பிறகு அந்தப் பக்கத்து மேப்பை யார் போட்டது, எப்போது போட்டது என்று பார்க்காமல் நம்பவே கூடாது.

பிறகு நேரில் போய்ப் பாருங்கள். பைக்கில் அல்ல, சைக்கிளில். பைக்கில் போனால் வேகத்தடை தெரியாது, எதிர்க்காற்று தெரியாது, பாலத்து ஏற்றம் தெரியாது. டெல்டாவில் மேடு என்றால் பாலத்துக்கு ஏறுகிற சரிவுதான். கியர் இல்லாத சைக்கிளில் அதுவே சிலரை இறங்கித் தள்ள வைக்கும். கூட்டம் தேங்குகிற இடமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற பயணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் பார்க்க வேண்டும். புதன்கிழமை போனால் ஆட்டுக்கறிக் கடை முன்னால் நிற்கிற வண்டிக் கூட்டம் உங்கள் கண்ணில் படாது. ஒரு தடவை உங்களில் நன்றாக ஓட்டுகிறவர் போகட்டும், இன்னொரு தடவை அதிகம் ஓட்டிப் பழகாத ஒருவர் போகட்டும். பழகாதவர் எங்கே நின்றார், எங்கே தண்ணீர் குடித்தார், எங்கே பயந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வைக்க வேண்டிய இடங்கள் அவைதான்.

போகும்போது ஒரு டேப் கொண்டுபோய்ச் சாலையின் அகலத்தை நாலு இடத்தில் அளந்துவிடுங்கள். ஒருவழித் தார்ச்சாலையின் அளவு மூன்றே முக்கால் மீட்டர். பல கிராமச் சாலைகள் மூன்று மீட்டர்தான். ஒரு பஸ் இரண்டரை மீட்டர். மூன்றே முக்கால் மீட்டர் சாலையிலேயே பஸ் வந்தால் மிச்சம் ஒன்றேகால் மீட்டர், அதில் ஒரு சைக்கிள் நெஞ்சு படபடக்க நிற்கலாம், இருபது சைக்கிள் நிற்க முடியாது. அதனால் அந்தச் சாலையில் டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் எத்தனை மணிக்கு வருகின்றன என்று தெரிந்துகொண்டு, உங்கள் கூட்டம் அந்த நேரத்தில் ஊருக்குள்ளோ கோயில் வாசலிலோ இருக்கும்படி பாருங்கள். சாலையின் ஓரத்தையும் பாருங்கள். தார் மேல் தார் போட்டு உயர்த்திய சாலையில் ஓரம் அரை அடி பள்ளமாக இருக்கும். ஒதுங்குகிறேன் என்று இறங்கியவர் திரும்ப ஏறும்போதுதான் விழுவார். அடுத்து வாய்க்கால், தடுப்பு இருக்காது.

ஆற்றங்கரைப் பாதைகள் எல்லாருக்கும் ஆசை காட்டும். நிழல், அமைதி, ஒரு பக்கம் ஆறு. எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்ட கரையில் முள் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு கிலோமீட்டரில் பத்துப் பேருக்குப் பஞ்சர் என்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. இன்னொன்று, நாலு கிலோமீட்டர் கரையில் குறுக்குச் சாலையே இல்லை என்றால் யாராவது விழுந்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? வண்டி வந்து சேரக்கூடிய ஒரு சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி எந்த இடமும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் எந்தக் கரையை எடுக்கலாம், எதை விடலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். கரைகள் நீர்வளத்துறையின் கீழ் வருபவை, அவர்களுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கூட்டத்தின் நீளத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 150 பேர் ஒருவர் பின் ஒருவராக, தேவையான இடைவெளி விட்டுப் போனால் சைக்கிளுக்கு ஐந்து மீட்டர். முக்கால் கிலோமீட்டர் வால். எந்த வண்டியாலும் அதைத் தாண்டிப் போக முடியாது, தாண்ட முயல்கிறவர் நடுவில் வந்து மாட்டிக்கொள்வார். இருபத்தைந்து பேராகப் பிரித்து ஐந்து நிமிட இடைவெளியில் விடுங்கள். ஆறு குழு, முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் இருபத்தைந்து நிமிடம். இப்போது வேகத்தையும் சேருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் போகிறவர் இருபது கிலோமீட்டரை 67 நிமிடத்தில் முடிப்பார். பத்து கிலோமீட்டர் போகிறவருக்கு இரண்டு மணி நேரம். மெதுவானவர்கள் கடைசிக் குழுவில் கிளம்பினால், இருபதாவது கிலோமீட்டர் திருப்பத்தில் நிற்கிற உங்கள் ஆள் முதல் சைக்கிளைப் பார்த்ததற்கும் கடைசிச் சைக்கிளைப் பார்ப்பதற்கும் நடுவே ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவருக்குத் தண்ணீரும் தொப்பியும் உட்கார ஒரு இடமும் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் அரை மணி நேரத்தில் எல்லாரும் போயாச்சு என்று நினைத்து டீ குடிக்கப் போய்விடுவார், கடைசிப் பத்துப் பேர் நேராகப் போய்விடுவார்கள். கடைசிச் சைக்கிளின் பின்னால் ஒருவரை வெள்ளைக் கொடியோடு விடுங்கள். கொடி தாண்டிய பிறகுதான் திருப்பத்தில் நிற்கிறவர் நகரலாம்.

மேற்கு இதழ் போன வழியே திரும்பி வருவது என்பதால் எதிரெதிரே இரண்டு கூட்டம் சந்திக்கும். அங்கே மட்டும் ஒரு குழு திரும்பி வந்த பிறகு அடுத்ததை விடுங்கள், அல்லது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதை ஒதுக்கிவிடுங்கள்.

அடையாளத்துக்குச் சாலையில் பெயிண்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்புப் பொடியில் அம்பு போட்டால் போதும், நாலு நாளில் போய்விடும். ஒரு திருப்பத்துக்கு மூன்று அம்பு: ஐம்பது மீட்டர் முன்னால் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, திரும்பிய பிறகு ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். சரியான சாலையில்தான் வந்திருக்கிறோமா என்ற சந்தேகத்தை அதுதான் தீர்க்கும். முதல் நாள் இரவே போட்டால் பனியிலும் மாடு நடந்தும் பாதி அழிந்துவிடும், காலை ஐந்து மணிக்கு ஒரு பைக்கில் இரண்டு பேர் போய்ப் போட்டு வரட்டும். வழியைக் கைபேசி மேப்பில் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஆனால் ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதியும் கொடுங்கள். அதில் அடையாளமாக நகராத பொருளைச் சொல்லுங்கள்: மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, ஐயனார் கோயில். "பிளக்ஸ் பேனர் தாண்டி இடது பக்கம்" என்று எழுதினால் அந்த பேனரை முதல் நாளே கழற்றியிருப்பார்கள். வைக்கோல் போரும் அப்படித்தான்.

பெண்கள் நிறைய வர வேண்டுமென்றால் கழிப்பறை எங்கே என்று பார்த்த பிறகுதான் வழியே போட வேண்டும். கோயில் வாசலை நம்பாதீர்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, ஞாயிற்றுக்கிழமை திறந்து வைக்க ஒருவரை ஏற்பாடு செய்து, முதல் நாளே தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள். கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும், பாக்கெட் தண்ணீர் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் நேராக வாய்க்காலுக்குத்தான் போகும்.

உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை டிவிஎஸ் ஐம்பதில், பம்ப், ஒட்டுப் பசை, இரண்டு மூன்று டியூபோடு கடைசிக் குழுவுக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி கொடுத்துவிடுங்கள், ஓசியில் கேட்காதீர்கள். பயணத்துக்கு முந்தின வாரம் அவர் கடையிலேயே எல்லாரும் பிரேக்கையும் செயினையும் பார்த்துக்கொண்டால் அன்றைக்கு அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

அனுமதி விஷயம் சிக்கல் இல்லை, ஆனால் நேரம் எடுக்கும். உங்கள் வழி எத்தனை காவல் நிலைய எல்லைகளைத் தொடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, மேப், பொறுப்பாளர் பெயரோடு கடிதம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவர்களைப் போனில் கூப்பிடாமல் நேரில் போய்ப் பாருங்கள். ஊருக்குள் அன்று காதுகுத்தோ, சாவோ, கோயில் கொடையோ இருந்தால் அவர்கள்தான் சொல்வார்கள். 108-க்கும், திருவையாறு அரசு மருத்துவமனைக்கும் வழியின் மேப்பை முன்பே கொடுத்து வைப்பது நல்லது. தியாகராஜர் ஆராதனை தை மாதத்தை ஒட்டி வரும், அந்த வாரம் திருவையாற்றுப் பக்கமே போகாதீர்கள். ஏழூர்த் திருவிழா அன்றும் அப்படியே.

கல்லணை ஆசையை விட முடியவில்லை என்றால், பழகியவர்கள் இருபது பேர் மட்டும் வேறொரு நாள் ஒருவழியாகப் போய்விட்டு, சைக்கிளைக் குட்டி யானையில் ஏற்றித் திரும்புங்கள். மாசியில் கிழக்குக் காற்று என்பதால் தஞ்சாவூரிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு அது முதுகைத் தள்ளும்.

மழைக்கு ஒரு மாற்றுத் திட்டம் வேண்டும். மாசியிலும் திடீர் மழை உண்டு. பயணத்துக்கு முந்தின இரண்டு நாளில் மழை பெய்திருந்தால் கரைப் பாதையை முழுக்க விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் மட்டும் போகிற ஒரு வழியை முன்பே அளந்து, தனி ஜிபிஎக்ஸாகவும் தனித் தாளாகவும் வைத்திருங்கள். எந்த வழி என்ற முடிவைச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஞாயிறு காலையில் போட்டால், பாதிப் பேர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.